குழாய் இருக்கிறது, குச்சியைக் காணோம்

பணக்காரர்களின் கார்களோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டதெல்லாம் அவை நொறுங்கிக் கிடந்த நேரங்களில்தான். இன்சூரன்ஸ் சர்வேயர் வேலை அப்படி. ஷோரூமில் மாலை போட்டு, தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி வண்டியை எடுக்கும்போது எங்களை யாரும் கூப்பிடுவதில்லை. லாரிக்குப் பின்னால் சொருகிக்கொண்ட பிறகு கூப்பிடுவார்கள். ஆனால் இதில் ஒரு லாபம் உண்டு. விற்கிறவர் காட்டுவது வெளிப்பக்கம். எங்களுக்கு உள்பக்கம் தானாகவே திறந்து கிடக்கும். கம்பெனிக்காரன் எதை வைத்தான், போன மாடலில் இருந்த எதை எடுத்தான், எடுத்த இடத்தை எந்த பிளாஸ்டிக் மூடியால் மறைத்தான் என்பதெல்லாம் கேட்காமலே தெரிந்துவிடும்.

நான் கோவையில் இந்தத் தொழிலுக்கு வந்தபோது ஊரில் வெளிநாட்டுக் கார் என்றால் பெரும்பாலும் இரண்டே வழியில் வந்திருக்கும். டெல்லியில் தூதரகக்காரர்கள் கழித்துக்கட்டியதை எஸ்.டி.சி. என்ற அரசு வாணிபக் கழகம் மூலம் எடுத்திருப்பார்கள். இல்லையென்றால் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர் சலுகையில் கொண்டுவந்திருப்பார். ‘டி.ஆர். வண்டி’, அதாவது டிரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸ் சலுகையில் வந்தது என்றால் போதும், ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் புரியும். அவிநாசி ரோட்டு மில்லுக்காரர் ஒருவரிடம் அப்படி சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு மெர்சிடிஸ் இருந்தது. டபிள்யூ124 என்பார்களே, அந்த ரகம். டவுன் பஸ் ஒன்று பின்னால் வந்து முத்தமிட்டதில் டிக்கி நசுங்கிவிட்டது. பார்க்கப் போனேன்.

நசுங்கலைக் குறித்துக்கொள்ள ஐந்து நிமிஷம் போதும். டிரைவர் விடவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சீர்வரிசை காட்டுகிறவர் மாதிரி ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்தார். டிக்கிக் கதவின் உள்பக்கத்தில் எச்சரிக்கை முக்கோணம். பின்சீட்டுக்கு மேலே, கண்ணாடியை ஒட்டிய பலகையில் ஒரு மூடி. திறந்தால் முதலுதவிப் பெட்டி. கட்டுத்துணி, கத்தரிக்கோல், பிளாஸ்திரி எல்லாம் ஜெர்மன் எழுத்துப் போட்ட உறை பிரிக்காமல் அப்படியே. “மொதலாளிக்கே இது தெரியாதுங்க சார்” என்றார். பிறகு முன்னால் உட்கார்ந்து ஒரு பொத்தானை அமுக்கினார். பின்சீட்டின் தலையணைகள் இரண்டும் பெருமூச்சு விட்டுக்கொண்டே பின்பக்கம் சாய்ந்தன. பின்னால் ஆள் இல்லாதபோது கண்ணாடியில் பார்வையை மறைக்கக் கூடாதாம். மோட்டார் எதுவும் இல்லை, வெறும் காற்றின் உறிஞ்சல்தான் வேலை செய்கிறது.

யாரும் கேட்காத பொருள்கள். எந்தப் பத்திரிகை விளம்பரத்திலும் வராதவை. மில்லுக்காரர் அந்த வண்டியை வைத்திருந்த காலம் முழுக்க அந்தப் பொத்தானை டிரைவரைத் தவிர வேறு யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். எங்கோ ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஓர் இன்ஜினியர் சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து, பின்னால் வரும் வண்டி தெரியாமல் யாராவது திண்டாடுவார்களே என்று கவலைப்பட்டிருக்கிறார்.

இதே மாடல்தான் 1995-இல் புணேயில் டாடாவின் டெல்கோவோடு சேர்ந்து நம் நாட்டிலேயே தயாராகத் தொடங்கியது. ஐரோப்பாவில் அதற்கு அடுத்த மாடல் வந்து, இதை மேடையிலிருந்து இறக்கிய அதே வருஷம். அங்கே பிரிவுபசார விழா, இங்கே அறிமுக விழா. நமக்கு அதில் எந்த மனக்குறையும் இருந்ததாக ஞாபகமில்லை.

தாராளத்தின் உச்சம் என்றால் 1991-இல் வந்த எஸ் கிளாஸ், டபிள்யூ140. ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. கதவை அடித்துச் சாத்த வேண்டாம், சும்மா ஒட்டவைத்தால் மிச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். ரிவர்ஸ் கியர் போட்டால் பின்னால் இரண்டு ஓரத்திலும் சிறு கம்பிகள் எழுந்து நிற்கும். வண்டி எங்கே முடிகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரிய வேண்டுமாம். 1995-இல் சென்சார் வந்து கம்பிகள் போயின. அந்தக் கார் எத்தனை பெரிசு என்றால், ஜெர்மனியில் ஸில்ட் தீவுக்குக் கார்களை ஏற்றிப் போகும் ரயிலில் அதை ஏற்ற முடியவில்லை. தீவில் பங்களா வைத்திருப்பவர்கள்தான் அந்தக் காரையும் வாங்குகிறவர்கள் என்பது இன்னும் விசேஷம்.

பழசைப் பேசும்போது கண் கலங்குவது எங்கள் தொழிலுக்கு ஆகாது. கலங்கினால் எஸ்டிமேட் தப்பாகிவிடும். ஆகவே இதையும் சொல்லிவிட வேண்டும்: ஜெர்மன்காரன் ஒன்றும் பாரி வள்ளல் இல்லை. அதற்கு முந்திய டபிள்யூ123, எழுபதுகளின் நடுவில் வந்து உலகம் முழுக்க டாக்ஸியாக ஓடியதே, அதன் சொந்த ஊர் விலைப்பட்டியலைப் பார்த்தால் நம் ஊர் கல்யாண மண்டபக் கணக்கு தோற்றுவிடும். ரேடியோ தனி. ஐந்தாவது கியர் தனி. வலப்பக்கக் கண்ணாடி தனி. சின்ன இன்ஜின் வண்டிகளுக்கு பவர் ஸ்டீயரிங்கே 1982 வரை தனிக் காசுதான். சீட்டும் தோல் இல்லை; பல வண்டிகளில் எம்.பி. டெக்ஸ் என்ற ரெக்ஸின். அது தோலைவிட அதிக நாள் உழைத்தது என்பது வேறு விஷயம். அன்று அதை ‘பிளாஸ்டிக் சீட்’ என்று சொல்ல விற்கிறவருக்கு நாக்குக் கூசும். இன்று அதன் பேரப்பிள்ளையை, மாட்டைக் காப்பாற்றிய புண்ணியத்தையும் சேர்த்து, தலை நிமிர்ந்து விற்கிறார்கள்.

கொடுக்கவைத்தது நல்ல மனசு அல்ல, ஜப்பான். 1989-இல் டொயோட்டாக்காரன் அமெரிக்காவில் லெக்ஸஸ் எல்.எஸ். 400 என்று ஒன்றை இறக்கினான். விலை 35,000 டாலர். பெரிய மெர்சிடிஸ் அதைவிட எவ்வளவோ அதிகம். இன்ஜின் மூடியின் மேல் ஷாம்பெயின் கோப்பைகளைக் கோபுரமாக அடுக்கி, சக்கரங்களை உருளையின் மேல் படுவேகத்தில் ஓடவிட்டு, ஒரு துளி சிந்தவில்லை என்று டி.வி.யில் காட்டினார்கள். ஜெர்மன்காரர்கள் தனித்தனியாகக் காசு வாங்கிக்கொண்டிருந்த சாமான்களில் பலவற்றை அவன் உள்ளேயே வைத்துக் கொடுத்தான். அதற்கப்புறம்தான் ஜெர்மன்காரர்களுக்கும் கை கொஞ்சம் தளர்ந்தது. நான் சீர்வரிசை பார்த்தது அந்தப் போட்டி நடந்த நல்ல காலத்தில். எல்லாக் காலமும் அப்படித்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டது வாங்கியவர்களின் தப்பு.

முதலில் காணாமல் போனது எது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் சொல்வேன்: ஒரு குச்சி.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் வந்த மெர்சிடிஸ்களில் ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் ஒன்று இருந்தது. ஒரு வண்டி கிணற்றடிச் சுவரில் மோதி கியர்பாக்ஸ் ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது. எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். எனக்குப் பழக்கமான ஃபோர்மேன், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார்.

“சார், இங்க வாங்க. குழாய் இருக்குது, குச்சியைக் காணோம்.”

“எங்கேயாவது விழுந்திருக்கும்.”

“விழறதுக்கு முதல்ல இருந்தாத்தானுங்க?”

எட்டிப் பார்த்தேன். டிப்ஸ்டிக் போகிற குழாய் கச்சிதமாக மேலே வந்து நின்றது. வாயில் ஒரு மூடி, மூடிக்கு ஒரு பூட்டு, பூட்டின் மேல் ‘சர்வீஸ்காரர்கள் மட்டும்’ என்ற பொருளில் எழுத்து. உள்ளே ஒன்றுமில்லை. காரணம் விசாரித்தால், அந்த ஆயில் ஆயுளுக்கும் போதுமாம், பார்க்க வேண்டிய அவசியமே இல்லையாம். யாருடைய ஆயுள் என்று ஃபோர்மேன் கேட்டார். சில வருஷம் கழித்து அந்தக் கம்பெனியே 60,000 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றச் சொல்லிவிட்டது. பி.எம்.டபிள்யூ.வும் இதே ‘ஆயுள் ஆயில்’ பாட்டைப் பாடியதுண்டு. அவர்களுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப். கம்பெனியோ 80,000-லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள் என்கிறது. பி.எம்.டபிள்யூ. 2005 வாக்கில் இன்னும் ஒரு படி போய், இன்ஜின் ஆயில் குச்சியையும் எடுத்துவிட்டது. சென்சார் பார்த்துக்கொள்ளும், திரையில் சொல்லும். சென்சார் போனால்? அதையும் திரையில் சொல்லும். ஃபோர்மேன் அந்த மெர்சிடிஸ் குழாய்க்கென்று நீளமான கம்பி ஒன்றில் அரத்தால் கோடு போட்டு, சொந்தமாக ஒரு குச்சி செய்து வைத்துக்கொண்டார். அதற்கு அப்புறம் ஊரில் அந்த மாடல் வண்டி எங்கே நின்றாலும் அவருக்குத்தான் ஆள் வரும்.

அடுத்தது ஸ்டெப்னி. திருப்பூர் பனியன் ஏற்றுமதிக்காரர் ஒருவர் சேலத்திலிருந்து திரும்பும்போது என்னையும் தன் புது வண்டியில் ஏற்றிக்கொண்டார். எந்தக் கம்பெனி என்று வேண்டாம். விலை கேட்டால் ஊரில் ஒரு வீடு வரும். பெருந்துறை தாண்டி ராத்திரி நேரம், மழைத்தண்ணீருக்கடியில் இருந்த பள்ளம் தெரியவில்லை. டமார். டயரின் பக்கவாட்டில் விரல் நுழைகிற அளவுக்குக் கிழிசல். நல்லவேளையாகக் கொஞ்ச தூரத்தில் ஒரு பஞ்சர் கடை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “சைடு போயிருச்சுங்க, ஒட்ட முடியாது. ஸ்டெப்னிய எடுங்க, மாட்டித் தர்றேன்” என்றார்.

“இதுல ஸ்டெப்னி கிடையாது.”

“மறந்துட்டு வந்துட்டீங்களா?”

“கம்பெனியே கொடுக்கறதில்லீங்க.”

அவர் நம்பவில்லை. டிக்கியைத் திறக்கச் சொல்லி, கம்பளத்தைத் தூக்கி, தெர்மாக்கோல் மாதிரி ஒன்றில் குழி வெட்டி வைத்திருந்ததைப் பார்த்தார். அதில் ஒரு பாட்டில் பசை, ஒரு குட்டிக் காற்றடிக்கும் மிஷின். பாட்டிலில் எழுதியிருந்தபடி பசையைச் செலுத்தினோம். அது கிழிசல் வழியாக வெளியே வந்து தார் ரோட்டில் வெள்ளையாகப் பரவியது. பஞ்சர் கடைக்காரர் தன் கடைக்குப் பக்கத்தில் நின்ற குட்டியானையை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அதன் வயிற்றுக்கடியில் ஸ்டெப்னி தொங்கியது. ஒன்றும் சொல்லவில்லை, மரியாதை தெரிந்தவர். ரெக்கவரி வண்டி வருவதற்குள் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

சட்டப்படி தப்பில்லை. டியூப் இல்லாத டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் பெட்டி மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020 ஜூலையில் மத்திய அரசே விதியைத் திருத்திவிட்டது. எடை குறையும், இடம் கிடைக்கும், எரிபொருள் மிச்சமாகும் என்று காரணங்களுக்கும் குறைவில்லை. பேட்டரி வண்டிகளில் அந்த இடம் நிஜமாகவே தேவைப்படுகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். சில கம்பெனிகள் நம் ரோட்டுக்குப் பயந்து ஸ்டெப்னியைத் திருப்பிக் கொடுத்தன. எங்கே? அதற்கென்று குழி இல்லாத டிக்கியில், தரைமேல், மூடி போட்டு. சக்கரம் வேண்டுமா, சூட்கேஸ் வேண்டுமா என்பது இனி வாங்குகிறவர் பாடு.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கழித்தல். எங்கள் கணக்குப் புத்தகத்தில் மட்டும் தெரிகிற ஒன்று இருக்கிறது. மோட்டார் பாலிசியில் பாகங்களுக்குத் தேய்மானம் பிடிப்போம். இரும்புக்கு வண்டியின் வயசைப் பொறுத்து, முதல் ஆறு மாசத்துக்கு ஒன்றுமே இல்லை. கண்ணாடிக்கு எப்போதும் இல்லை. ஆனால் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் என்றால் நேற்று வாங்கிய வண்டியானாலும் 50 சதவீதம். டபிள்யூ123 காலத்து மெர்சிடிஸ் பம்பர் பளபளவென்று குரோம் பூசிய இரும்பு; தட்டி நிமிர்த்தி, முலாம் பூசி மாட்டிவிடுவார்கள். இன்றைய பம்பர் பிளாஸ்டிக். நிமிர்த்த முடியாது, மாற்றத்தான் வேண்டும், மாற்றினால் பாதிக் காசு உங்களுடையது. டபிள்யூ124-இன் ஹெட்லைட்டில் கண்ணாடி உடைந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றினோம். இப்போது விளக்கு முழுசாக ஒரே பொட்டலம்; சொகுசு வண்டிகளில் ஒன்றுக்கே லட்சத்துக்கு மேல் போகும். இதை விளக்கியதும் வாடிக்கையாளருக்கு வருகிற கோபம் கம்பெனி மேல் போகாது, என் மேல் வரும். அதனால்தான் ‘ஜீரோ டெப்’ என்று ஒரு பாலிசி வந்தது. அதற்கும் தனிப் பிரீமியம். கார்க்காரன் எடுத்ததை இன்சூரன்ஸ்காரன் திருப்பி விற்கிறான்.

எடுப்பதில் அடுத்த கட்டம் இன்னும் நாசூக்கானது: சாமானை வண்டியிலேயே வைத்துவிட்டு, உபயோகிக்கிற உரிமையை மட்டும் எடுத்துக்கொள்வது. 2022-இல் பி.எம்.டபிள்யூ. தென்கொரியா போன்ற நாடுகளில் சீட்டைச் சூடாக்கும் வசதிக்கு மாசச் சந்தா போட்டது, கிட்டத்தட்ட 18 டாலர். சூடாக்கும் கம்பி சீட்டுக்குள்ளேயே இருக்கிறது; காசு கட்டினால் உயிர் வரும். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, வெயிலில் நிறுத்தினால் அந்த வசதி ஓசியிலேயே கிடைக்கிறது. குளிர் நாட்டுக்காரர்கள் கொதித்துப் போனார்கள். அடுத்த வருஷமே கம்பெனி பின்வாங்கியது. அதற்கு முன்னால் ஆப்பிள் கார்ப்ளேவுக்கு வருஷம் 80 டாலர் வாங்கிப் பார்த்து, 2019 கடைசியில் அதையும் விட்டது. மெர்சிடிஸ் தன் ஈ.கியூ.எஸ். மின்சாரக் காரில் பின்சக்கரம் 10 டிகிரி வரை திரும்பும்படி செய்துவிட்டு, ஜெர்மனியில் 4.5 டிகிரியோடு நிறுத்தியது. மிச்சத்துக்கு வருஷம் 489 யூரோ. 2024-இல் ஆடி ஏ3-இல், இடப்பக்கத்துக்கு ஒரு குளிர், வலப்பக்கத்துக்கு ஒரு குளிர் என்று பிரித்து வைக்கும் ஏ.சி. வசதி ஐரோப்பாவில் சந்தாவுக்குப் போனது. புருஷன் பெண்டாட்டிக்குள் ஏ.சி. சண்டை தீர்ந்திருந்த ஒரே இடம் கார்தான். அதுவும் இப்போது மாசக் கெடுவுக்கு வந்துவிட்டது.

சிப் தட்டுப்பாடு வந்த 2021-ஐத்தான் இந்த விஷயத்தில் நான் முக்கியமான வருஷமாகச் சொல்வேன். அன்று உண்மையிலேயே சரக்கு இல்லை. பி.எம்.டபிள்யூ. சில மாடல்களைத் தொடுதிரை இல்லாமல் விற்று, அமெரிக்காவில் 500 டாலர் கழித்துக் கொடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் பல வண்டிகளிலிருந்து சீட்டுச் சூட்டைக் கழற்றியது. வாங்குகிறவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் வாங்கினார்கள், அதுவும் வரிசையில் நின்று. தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அந்த வரிசை கம்பெனிக்காரர்கள் நெஞ்சை விட்டு அகலவில்லை என்று நினைக்கிறேன். நம் செங்கல்பட்டுப் பக்கம், மகிந்திரா சிட்டியில் பி.எம்.டபிள்யூ. பூட்டுகிற எக்ஸ்1-இன் அடுத்த மாடல் வந்தபோது, கைக்கடியில் இருந்த திருகுகுமிழ் போய்விட்டது. இருபது வருஷமாக ‘ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் திருகலாம்’ என்று அவர்களே புகழ்ந்து விற்ற குமிழ்.

காரணம் சொல்வதில் பரிசு டெஸ்லாவுக்குத்தான். 2021-இல் முன்சீட்டுப் பயணியின் இடுப்புத் தாங்கலை எடுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு எலான் மஸ்க், வண்டிகளின் பதிவுகளைப் பார்த்தோம், அதை ஏறக்குறைய யாருமே உபயோகிக்கவில்லை என்றார். ஒரு தடவை சரிசெய்து உட்கார்ந்துவிட்டால் மறுபடி எதற்குத் தொடுவது? இந்தக் கணக்குப்படி மில்லுக்காரர் வண்டியின் முதலுதவிப் பெட்டியை அன்றைக்கே எடுத்திருக்க வேண்டும். ஏர்பேக்கையும்.

ஈ.கியூ.எஸ். விஷயத்தில் எனக்குத் தொழில்முறையில் ஒரு சங்கடம் இருக்கிறது. புணே பக்கம் சாகணில் 2022-இல் அதைப் பூட்டத் தொடங்கினார்கள். உள்ளே 141 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கண்ணாடித் திரை. முன்பக்கம் அடிபட்ட வண்டி என்றால் நாங்கள் முதலில் சொல்வது “போனட்டைத் திறங்க” என்பதுதான். இதில் வண்டிக்காரர் போனட்டைத் திறக்கக் கூடாது, சர்வீஸ்காரர்தான் திறக்கலாம். கண்ணாடி துடைக்கத் தண்ணீர் ஊற்ற இடது முன்சக்கரத்துக்கு மேல் ஒரு சின்னக் கதவு வைத்திருக்கிறார்கள். ஒன்றரைக் கோடிக்குப் பக்கத்தில் கொடுத்து வாங்கியவருக்கு அவர் வண்டியில் உரிமையோடு செய்ய விட்டுவைத்திருக்கும் வேலை, தண்ணீர் ஊற்றுவது.

அந்த மில்லுக்காரரின் பேரன் சமீபத்தில் கார் பார்க்கப் போனான். “அங்கிள், நீங்களும் வாங்க, உங்களுக்குத்தான் உள்விஷயம் தெரியும்” என்று கூட்டிப் போனான். ஷோரூமில் நல்ல காபி. கையில் டேப்லெட்டோடு வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயசுகூட இருக்காது, பேச்சில் அத்தனை பணிவு.

“இனிமே வர்ற மாடல்ல எல்லாமே வண்டிக்குள்ளயே இருக்கும் சார். எது வேணுமோ, எப்ப வேணுமோ, ஆப்ல ஆன் பண்ணிக்கலாம். வேண்டாத மாசம் ஆஃப்.”

“ரொம்ப நல்லது தம்பி. ஒரு சந்தேகம். ஆன் பண்ணாத சாமான் ஒண்ணு உள்ள இருக்குது. வண்டி எரிஞ்சு டோட்டல் லாஸ் ஆயிடுச்சு. ஐ.டி.வி.யில, அதான் பாலிசியில வண்டிக்குப் போட்ட மதிப்புல, அந்தச் சாமானோட மதிப்பைச் சேர்க்கறதா, வேண்டாமா?”

தம்பி யோசித்தான். டேப்லெட்டில் எதையோ தள்ளிப் பார்த்தான். பேரன் காபிக் கோப்பைக்குள் சிரித்துக்கொண்டிருந்தான்.

“சார், ஃபீச்சர் கிளவுட்ல இருக்குது. அது எரியாதுங்க.”

“அப்ப புது வண்டி வாங்கினா அந்தச் சந்தா அதுக்கு மாறிடுமா?”

“இல்லைங்க சார். அது அந்த வண்டியோட சேர்ந்தது.”

“எரிஞ்சுபோன வண்டியோடயா?”

“ஆமாங்க சார்” என்றவன், மேனேஜரைக் கேட்டுவிட்டு வருவதாக எழுந்து போனான். பேரன் இந்தச் சந்தில் டிக்கியைத் திறந்து கம்பளத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.